பரற்பாதையில் மிதிகல் பதித்தல்

கல்லைக் கொணர்ந்து பரலின்மேல் வைத்துவிட்டால் பாதை ஆயிற்று என எண்ணுவோர் பலர். அண்மைக் காலத்தில் எழுந்த மனைகளின் முன்றில்களிலும், விடுதிகளின் தோட்டங்களிலும், பொது நிலையங்கள் சிலவற்றிலும் இவ்வாறு வைக்கப்பட்ட கற்களை யாம் கண்டுள்ளோம். திறப்பு விழா நாளில் அவை கண்ணுக்கு இனியனவாய்க் கிடக்கும். ஒரு மாரி கழிந்தபின் அவற்றின்மீது நடப்போர், கால் எப்பக்கஞ் சரியுமோ என்று குனிந்து பார்த்தபடியே நடப்பர். இரண்டாம் மாரி கழிந்தபின் கல்லை விட்டு விலகி ஓரத்துப் புல்லிலே நடப்பர். பாதை ஒருபுறம் கிடக்கும். மக்கள் நடந்த தடம் மறுபுறம் கிடக்கும்.

எமது கல்லூரியின் யூபிலித் திருப்பணிகளுள், பிரார்த்தனை மண்டபத்திலிருந்து பிள்ளையார் கோயில் வரையுள்ள 55 அடி நிலத்தைப் பரல் பரப்பி மிதிகல் பதித்த பாதையாக்குதலும் ஒன்றாகும். வெள்ளிதோறும் மாணாக்கர் மண்டபத்து வாயிலிலே காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நடந்து செல்லும் வழி அது. பழைய மாணவர் விழாக்களுக்கு வருங்கால், எண்பது வயதைக் கடந்த பெரியோரும் அவ்வழியே தான் கோயிலுக்குச் செல்வர். இப்பாதையை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதையும், பணம் உதவும் அன்பர்கள் எதனைக் கேட்டுப் பெறல் வேண்டும் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியருக்கு இது எற்றுக்கு என வினவுவாரும் உளர். கல்லூரித் தோட்டம் எம் பொறுப்பில் இருத்தலே அதற்கு விடை.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுகல்லைக் குறிக்கப் பரல் என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டு. பாலைநிலத்து வழிகளைப் பாடிய புலவர்கள், நடப்பவர் அடியை வருத்தும் பரலை மறவாது பாடினர். சிலம்பினுள்ளே இட்டு ஒலிக்கச் செய்யும் மணிக்கும் அதுவே பெயர். கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரலும் பாண்டிமாதேவியின் சிலம்பிலே முத்துப் பரலும் இருந்தமை மாணாக்கர் அறிந்ததே. உடைத்த சல்லியாயினும் உருண்ட கூழாங்கல்லாயினும் பாதையிற் பரப்புவதற்கு ஆவனவற்றையெல்லாம் இங்கே பரல் என்றே கூறுவோம். அடிக்கொன்றாகப் பதிக்கும் தட்டைக் கல்லை மிதிகல் என்போம்.

இனி, பரலின்மேல் வைத்த கல் ஏன் ஆடுகின்றது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். இதனை உணர்ந்தார்க்கு ஏனைய யாவும் தாமே விளங்கும். கல் பாரமானது, ஆதலின் அசையாது என்பது பொதுவான எண்ணம். ஒன்றரை அடிச் சதுரமும் இரண்டரை அங்குலத் தடிப்பும் உடைய கொங்கிறீற்றுக் கல் ஏறத்தாழ 31 கிலோ நிறை கொள்ளும். அதன்மேல் நடப்பவரோ 60 அல்லது 70 கிலோ நிறையுடையவர். அவர் குதிக்கால் பெரும்பாலும் கல்லின் நடுவில் விழுவதில்லை, விளிம்பை அடுத்தே விழுகின்றது. தன்னிலும் இருமடங்கு பாரத்தை ஓரத்திலே தாங்கும் கல், அப்பக்கம் தாழாதிருக்க வேண்டுமாயின் அதன் கீழுள்ள பொருள் இடங்கொடாது நிற்றல் வேண்டும். பரலோ ஒன்றையொன்று பற்றி நில்லாது உருண்டு விலகும் இயல்பினது. விளிம்பு ஒரு நூலளவு தாழ, மறு விளிம்பு அதற்கேற்ப மேலெழும். எழுந்த விளிம்பின் கீழ் உண்டாகிய வெளியிலே பக்கத்துப் பரல் இரண்டொன்று புகுந்துகொள்ளும். பின்னர் அவ்விளிம்பு மீண்டும் தன்னிடத்திற் படிய இயலாது. அடுத்து வருபவர் மறுபக்கத்தை மிதிக்கும்போது இதுவே அங்கும் நிகழும். இவ்வாறு ஒவ்வோர் அடியும் கல்லின் நடுவின் கீழே பரலைத் திரட்டிச் சிறு மேடு ஆக்க, முடிவிலே கல் அம்மேட்டின் உச்சியில் துலாக்கோல்போல் நிற்கின்றது. மழைக்காலத்தில் நீரும் இதற்குத் துணை செய்யும். கல் தாழுந்தோறும் கீழே தேங்கிய நீர் பீறிட்டு வெளிவரும். வருங்கால் மண்ணின் நுண்துகளையும் உடன் கொணரும். கல்லைச் சுற்றிச் சேறு கக்கியிருக்கக் காணின், அடியிலே பள்ளம் விழுந்துவிட்டது என அறிக.

ஆகவே கல்லைக் காப்பது அதன் பாரம் அன்று. கீழே இறுகிய தளமும், கல்லுக்கும் தளத்துக்கும் இடையே வெற்றிடமின்மையுமே அதனைக் காப்பன. பரல் கல்லைச் சுற்றி நிற்கலாம். கல்லின் கீழே ஒரு பரலும் நிற்றலாகாது.

வேலைமுறைக்குச் செல்லுமுன் ஒன்று கூறுதல் எம் கடன். மிதிகற்பாதை எத்துணைச் செம்மையாக அமைப்பினும் சக்கர நாற்காலிக்கு ஏற்றதன்று. செயற்கைக் காலுடன் நடப்பவருக்கும், கைத்தடி ஊன்றுபவருக்கும், கண்பார்வை குன்றியோருக்கும் அது எளிதன்று; தடியின் நுனி கல்லில் ஒருமுறையும் பரலில் ஒருமுறையுமாக விழும். 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போரிலே கால் இழந்தோர் எம் பழைய மாணவருள்ளும் பெற்றோருள்ளும் உளர். அவர்களும் கோயில் வாயிலை அடைதற்கு, 4 அடி அகலத்தில் இடைவெளியற்ற தொடர்பாதை ஒன்று வேண்டும். இரண்டையும் அமைத்தல் நன்று. திரட்டிய பணம் ஒன்றுக்கே போதுமாயின் மிதிகல்லை விட்டுத் தொடர்பாதையையே அமைக்க வேண்டும் என்பது எம் துணிபு. அழகு குன்றுமே என்பார்க்கு, கோயில் வாயிலை அடைய முடியாது திரும்புவோரின் முகத்தை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

கல்லைத் தெரிதல் அடுத்தது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறையாலானது. கருங்கல் இங்கே விளைவதில்லை, வன்னிப் பக்கமிருந்தே வருதல் வேண்டும். கருங்கற் பலகை உறுதியிற் சிறந்தது. ஆயினும் பங்குனி, சித்திரை மாதத்து நண்பகலில் அதன்மேல் வெறுங்காலை வைப்பவர் பாதையிலே நடவார், துள்ளுவார். கருநிறக் கல் வெயிலை மிகுதியாக உட்கொள்ளும். செருப்புடன் நடக்கும் தோட்டத்துக்கு அது பொருந்தும். கோயில் வழிக்குப் பொருந்தாது. எம்மூர்ச் சுண்ணாம்புக்கல்லோ வெளிறிய நிறத்தால் அத்துணைச் சுடுவதில்லை. எனினும் மழைநீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குழியாக்கும்; நிழலிற் கிடப்பின் பாசி பிடித்து வழுக்கும். கடற்கரை முருகைக்கல்லைச் சிலர் நினைப்பர். கரையோர வலயத்தில் அதனை அகழ்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. மேலும் அது மிதிகல்லுக்கு வேண்டிய வலிமை உடையதுமன்று.

இவற்றை நோக்குமிடத்து, கல்லூரி வளவிலேயே வார்க்கும் கொங்கிறீற்றுக் கல்லே எமக்கு ஏற்றது எனத் தோன்றுகின்றது. சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லி மூன்று பங்கு எனக் கலந்து, கலவை கையிற் குழையுமளவுக்கே நீர் விட்டு, பலகைச் சட்டத்துள் வார்த்தல் வேண்டும். நீர் மிகின் வார்ப்பது எளிதாகும், கல் நொய்தாகும். கடல்மணல் உதவாது. மேற்பரப்புச் சற்று இறுகும் வேளையில் ஈர்க்கு விளக்குமாற்றால் நடைக்குக் குறுக்காக ஒருமுறை மெல்ல இழுத்துவிட்டால் வழுக்காத வரிகள் உண்டாகும். கரண்டியால் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்குவதிலே மேசன்மார் பெருமை கொள்வர். அப்பெருமையை இங்கே தடுத்தல் வேண்டும். மேல் விளிம்பைச் சிறிது மழுக்கிவிடுதலும் வெறுங்கால் விரலுக்கு நல்லது. வார்த்தபின் ஈரச் சாக்கினால் மூடி 7 நாளாயினும் நனைத்து, 28 நாள் கழித்தே மிதிக்க விடுதல் நன்று. விழா அடுத்த வாரம் என்று அவசரப்படுவோர் முன்னரே வார்க்கத் தொடங்கட்டும்.

கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் விடுவது என்பதில் பலர் கண்ணை மட்டும் நம்புவர். யப்பானியத் தேநீர்த் தோட்டங்களில் மிதிகல் பதிக்கும் கலை பெரிதும் வளர்ந்தது. அக்கலையின் பேராசானாகிய சென் நோ ரிக்கியூ, 1591 ஆம் ஆண்டு மறைந்தவர், நடைக்கு ஆறு பங்கும் காட்சிக்கு நான்கு பங்கும் கொடுத்தார் எனவும், அவர்பின் வந்த ஃபுருத்தா ஒரிபே அதனை மாற்றிக் காட்சிக்கே ஆறு பங்கு கொடுத்தார் எனவும் அந்நாட்டு மரபு கூறும். பள்ளிக்கூடத்துப் பாதையில் நடைக்குப் பத்துப் பங்கும் கொடுப்பதே முறை.

நடக்கவேண்டியவரை நடக்கவிட்டு அளப்பதே வழி. ஈரமணலைப் பரப்பி, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனையும், சேலையுடுத்த ஆசிரியை ஒருவரையும், வேட்டியுடுத்த முதியவர் ஒருவரையும் இயல்பாகப் பத்தடி வைக்கச் சொல்லி, தடங்களின் இடைத்தூரத்தை அளந்து பார்க்க. நெட்டையான இளைஞன் ஒருவனை மட்டும் நடக்கவிட்டு அளந்தால், அவனுக்கன்றி வேறெவர்க்கும் பாதை பொருந்தாது. எம் கணிப்பில், ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு 22 அங்குலம் எல்லார்க்கும் ஒத்துவரும். 18 அங்குலக் கல்லாயின் இடையே 4 அங்குலப் பரல் தெரியும். நெட்டையர் சிறிது சுருங்கி நடத்தல் இயலும். குட்டையர் எட்டிப் பாய்தல் இயலாது.

கீழ்வகுப்பு மாணாக்கர்க்கு இங்கே ஒரு கணக்கு. 55 அடி என்பது 660 அங்குலம். அதனை 22 ஆல் வகுக்க 30 வரும். ஆயின் வேண்டிய கற்கள் எத்தனை? முப்பது என்பவர், வேலிக்குக் கதிகால் எண்ணிப் பழகாதவர். இடைவெளி முப்பதாயின் கல் முப்பத்தொன்று. உடைவதற்கென மூன்று கூட்டி 34 வார்த்தல் வேண்டும்.

நிலத்தை வெட்டும்போது கல்லுக்கொரு குழி வெட்டுதல் வழக்கம். கற்கள் 4 அங்குல இடைவெளியில் அமையுமிடத்து அது பயனற்றது. கல்லின் நாற்புறமும் 2 அங்குலம் கூட்டி வெட்டினாலே குழிகள் ஒன்றோடொன்று தொட்டுவிடும். ஆதலின் பாதையின் நடுவே 2 அடி அகலத்தில் ஒரே நீண்ட அகழி வெட்டுக. ஆழம் எவ்வளவு என்பதை மேலிருந்து கீழாகக் கணிக்க வேண்டும். பரல் 2 அங்குலம். கல்லின் தடிப்பு இரண்டரை அங்குலம். கல், பரலினும் அரை அங்குலம் உயர்ந்திருக்கவேண்டும். அதனின் தாழ்ந்தால் பரல் கல்லின்மேல் ஏறி வெறுங்காலை உறுத்தும், செருப்புக் காலை வழுக்கும். உயர்ந்தால் விரல் இடறும். ஆகவே கல்லின் அடியும் பரலின் அடியும் ஒரே மட்டமாகும். அதன்கீழே சாந்து 1 அங்குலம். அதன்கீழே இறுகிய தளம் 4 அங்குலம். பரலின் மேன்மட்டத்திலிருந்து 7 அங்குலம் வெட்டுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வலிகாமத்துச் செம்மண் நீரை விரைந்து உறிஞ்சும். அங்கே இவ்வளவு போதும். வயலையோ கடல்நீரேரியையோ அடுத்த களிப்பான நிலமாயின், அகழியின் அடியிலிருந்து தாழ்வான இடத்துக்கு ஒரு வடிகாலும் வேண்டும். அன்றேல் அகழியே கேணியாகி, ஐப்பசி கார்த்திகை மழையில் தளம் ஊறிக் கிடக்கும். பொலித்தீன் தாளை விரித்து அதன்மேல் சல்லி கொட்டுவாரும் உளர். அது களையைத் தடுப்பது உண்மை. நீரையும் தடுத்து நிறுத்தும். நீர் கசியவிடும் நெய்யாத் துணியை விரித்தால் சல்லி மண்ணுள் அமிழாது, நீரும் வடியும்.

வெட்டிய அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் முதலில் இடித்து இறுக்குதல் வேண்டும். பின்னர்த் தூளோடு கூடிய உடைகல்லை இரண்டு படையாக இட்டு, படைதோறும் நீர் தெளித்து இடிக்க வேண்டும். தூள் நீக்கிச் சலித்த சல்லி இதற்கு ஆகாது. பெருங்கல்லின் இடையிலே சிறுகல்லும், சிறுகல்லின் இடையிலே தூளும் புகுந்து நிரம்பினாலன்றித் தளம் இறுகாது. நான்கு அங்குலத்தையும் ஒரே படையாகக் கொட்டி இடித்தால் மேற்பாதி மட்டும் இறுகும். கீழ்ப்பாதி பின்னர்த் தாழும். துடுப்பாட்ட மைதானத்து உருளையை உருட்டிவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பது உறுதி. இரண்டடி அகழியுள் அது இறங்காது, இறங்கினால் ஏறாது. திமிசே துணை. இடித்த தளத்திலே ஒருவர் குதிக்காலால் ஓங்கி மிதித்தும் தடம் விழாதிருப்பின் போதும்.

இத்தளத்துக்கு இறுகிய அளவில் ஏறத்தாழ 37 கன அடி உடைகல் வேண்டும். இடிக்கும்போது சுருங்குவதைக் கூட்டினால் அரைக் கியூப் வாங்கவேண்டும். நாலடி அகலப் பாதையின் மேலே கண்ணுக்குத் தெரியும் பரலுக்கோ, கல் நிற்கும் இடத்தைக் கழித்தால், கால் கியூப் போதும். மண்ணுள் மறைவது வெளியே தெரிவதின் இருமடங்கு. ஒப்பந்தகாரர் ஒருவர் மிகக் குறைந்த விலை கூறின், அவர் குறைத்தது இந்த அரைக் கியூப்பையே எனக் கொள்ளலாம். கல்லைக் குறைத்தால் எவரும் எண்ணிக் கண்டுபிடிப்பர். தளத்தை எவர் தோண்டிப் பார்ப்பார்? சங்கத்தார் எவரேனும் ஒருவர் கல் பதிக்குமுன் வந்து, அலவாங்கால் இரண்டோரிடத்திற் குத்தி, அடிக்கோலால் அளந்து பார்த்த பின்னரே பணத்தின் முதற்பகுதியைக் கொடுத்தல் நன்று. இதனை வற்புறுத்திக் கூறுகின்றோம்.

தளத்தின்மேல், கல் அமரும் இடத்தில் மட்டும், ஆறு பங்கு குருமணலும் ஒரு பங்கு சீமெந்தும் கலந்து, பிடித்தால் உருண்டையாகுமளவு ஈரமாக்கிய சாந்தைப் பரப்புக. வெறுமணலே போதும் என்பாரும் உளர். இங்கே அது நெடுநாள் நில்லாது. எறும்பு மணலைத் துகள் துகளாக வெளியே கொணர்ந்து குவித்துக் கல்லின் அடியைப் பொள்ளலாக்கிவிடும். சாந்தை முழு இடத்திலும் பரப்புதல் வேண்டும். நான்கு மூலைக்கு நான்கும் நடுவுக்கு ஒன்றுமாக ஐந்து உருண்டை வைத்துக் கல்லை அழுத்துவது வேலை விரைவிற்காகச் செய்யும் குறுக்குவழி. அங்ஙனம் வைத்த கல் அன்றைக்கு ஆடாது. ஆயினும் உருண்டைகளின் இடையே வெற்றிடம் இருத்தலால், பாரம் விழும்போது ஒருநாள் மூலை வெடிக்கும்.

கயிறு கட்டி, கல்லை இருவர் தூக்கி நேரே மேலிருந்து இறக்கி, மரச்சுத்தியலால் நடுவிலும் நாற்புறமும் தட்டிப் பதிக்கவேண்டும். நீர்மட்டம் வைத்து, ஒருபக்கம் ஏறத்தாழ அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு தாழவிடுக. நீர் தேங்காது வழிய இது போதும். காலுக்குச் சரிவு தோன்றாது. உடனே விளிம்பையும் மூலைகளையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்க்க. எள்ளளவு ஆடினும் கல்லைத் தூக்கி, சாந்தைக் கிளறி, மீளப் பதிக்க. அந்நேரத்தில் அது சில நிமிட வேலை. பதிந்த கல்லின் அடியைச் சுற்றி, அதன் பாதி உயரம் வரை சாந்தைச் சரிவாக அணைத்துவிட்டால் கல் பக்கவாட்டில் நகராது. அணைப்பைப் பரல் மறைத்துவிடும். மூன்று நாளாயினும் எவரும் மிதியாமல் காவல் வைத்தல் வேண்டும். விடுதி மாணாக்கர் உள்ள கல்லூரியிலே இதுவே எல்லாவற்றினும் கடினமான பகுதி.

பரலைக் குறித்து நீளக் கூறவேண்டுவதில்லை. உருண்ட கூழாங்கல் அழகியது, ஆயினும் ஓடும். கோணமுடைய அரை அங்குலச் சல்லி ஒன்றையொன்று பற்றி நிற்கும். இரண்டையும் மேசையிலே தனித்தனி குவித்து, எக்குவியல் செங்குத்தாக நிற்கின்றது என மாணாக்கர் பார்த்தறியலாம். பாதையின் இருகரையிலும் பரலைத் தடுக்கும் கரைக்கல் வேண்டும். ரிட்டிகலைக் காட்டிலே துறவியர் மடத்துக்குச் செல்லும் பழைய கற்பாதை ஆயிரம் ஆண்டைக் கடந்தும் ஒழுங்கு குலையாது தோன்றுவதற்கு அதன் இருமருங்கும் நாட்டிய கரைக்கற்களும் ஒரு காரணம். வேப்பமரம் ஒன்று வழியருகே நிற்பதை யாவரும் அறிவர். அதன் வேரை வெட்டிப் பாதையை நேராக்க வேண்டா, பாதையை வளைத்துக்கொள்க. வெட்டிய வேர் மீண்டும் வளர்ந்து கல்லைத் தூக்கும், மரத்துக்கும் கேடு.

ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன்னர், ஒருவர் முதற் கல்லிலிருந்து முப்பத்தோராவது கல் வரை மூலைக்கு மூலை மிதித்துச் செல்லவேண்டும். சிதறிய பரலைக் கூட்டி இடைவெளியில் நிரப்பி, நிழலிற் கிடக்கும் கற்களின் பாசியைத் தும்புத்தடியும் நீரும் கொண்டு தேய்த்து அகற்ற வேண்டும். ஆடும் கல் எதுவாயினும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அவ்வாரத்திலேயே தூக்கி, பழைய சாந்தை முழுதும் சுரண்டி எடுத்து, தளம் தாழ்ந்திருப்பின் உடைகல் இட்டு இடித்து, புதிய சாந்தில் அமர்த்துக. ஓரத்திலே கற்சில்லு ஒன்றைச் செருகி ஆட்டத்தை நிறுத்துதல் கூடாது. சில்லுச் செருகிய கல் அச்சில்லின்மேலே மறுபுறம் ஆடும்.